மால்டாவின் இயன் போர்க்: 19 வயதில் ஊர் மேயர், 38 வயதில் துணைப் பிரதமர். எப்படி?

மதுரைப்பெண் கேட்டது:

வணக்கம். குடிமைப்பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். உலக நடப்புக் குறிப்பு எடுக்கும்போது ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது. 2023 நவம்பரில் காசா பற்றி ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 2712ஆம் தீர்மானத்தை எழுதிக் கொண்டுவந்தது மால்டா. 2024இல் ஓ.எஸ்.சி.இ. என்கிற ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு அமைப்புக்குத் தலைமை ஏற்றதும் மால்டா. இரண்டு நேரத்திலும் அந்த நாட்டின் வெளியுறவு அமைச்சர் இயன் போர்க். அதே 2024 செப்டம்பரில் துணைப் பிரதமரும் ஆகிவிட்டார். பிறந்த ஆண்டு 1986!

ஐந்தரை லட்சம் பேர் வாழும் தீவு என்பதால் போட்டி குறைவா? அப்பா, தாத்தா வழியில் வந்த பதவியா? வெளியுறவுக்கு வருவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்? இணையத்தில் கிடைப்பதெல்லாம் பதவிப் பட்டியலாகத்தான் இருக்கிறது. அங்கே வசிப்பவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

மோஸ்டாவாசி:

தங்கச்சி, நான் மால்டாவில் மோஸ்டா என்ற ஊரில் குடியிருக்கிறேன். முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. இங்குள்ள பெரியவர்களுக்குப் பேச்சு என்றால் இரண்டுதான்: ஊர்த் திருவிழா, அரசியல். அதனால் இந்த மனிதரைப் பற்றி லேபர், நேஷனலிஸ்ட் என்ற இரண்டு பெரிய கட்சிக்காரர்கள் வாயாலும் வருஷக்கணக்காகக் கேட்டு வருகிறேன்.

போட்டி குறைவு என்று மட்டும் நினைக்காதே. இங்கே போட்டி நம் ஊரைவிடக் கடுமை, அதுவும் சொந்தக் கட்சிக்குள்ளேயே. அதற்குக் காரணம் தேர்தல் முறை. நாடு 13 தொகுதி, ஒவ்வொன்றிலும் 5 இடம். ஒரு கட்சியே ஒரு தொகுதியில் ஐந்தாறு பேரையோ அதற்கு மேலோ நிறுத்தும். வாக்குச்சீட்டில் பெயர்களுக்கு நேராக 1, 2, 3 என்று எண் போட வேண்டும். ஒருவருக்குத் தேவைக்கு மேல் விழுந்த வாக்கும், தோற்றுப்போனவருக்கு விழுந்த வாக்கும் அடுத்த எண் போட்ட ஆளுக்குக் கைமாறிப் போகும். லேபர் கட்சி வேட்பாளருக்கு உண்மையான எதிரி நேஷனலிஸ்ட் வேட்பாளர் இல்லை. பக்கத்தில் நிற்கிற இன்னொரு லேபர்காரர். கட்சிக்கு எப்படியும் போடப்போகிறவர் உன் பெயருக்கு 1 போடுவாரா, அவர் பெயருக்கு 1 போடுவாரா என்பதுதான் ஐந்து வருஷமும் நடக்கிற சண்டை.

அதனால் வேட்பாளர் வீடு வீடாகப் போகிறார். தேர்தல் நேரத்தில் மட்டும் இல்லை. கல்யாணம், சாவு, ஞானஸ்நானம், பேண்டு வாத்திய மன்றத்து விருந்து எல்லாவற்றுக்கும் போகிறார். எங்கள் இல்லத்தில் இங்குள்ள ரபாட் ஊரைச் சேர்ந்த ஒரு பாட்டி இருந்தார். எந்த வேட்பாளர் வீட்டுக்கு வந்தார், உட்கார்ந்தாரா, வாசலோடு போனாரா, கணவர் இறந்தபோது எந்த அமைச்சர் கடிதம் போட்டார் என்று அத்தனையும் சொல்வார். வேட்பாளர்கள் தந்த அட்டைகளைக் கட்டிலோரத்து இழுப்பறையில் ரப்பர் போட்டுக் கட்டி வைத்திருந்தார். டிங்லியும் ரபாட்டும் 7ஆவது தொகுதி. லேபர்காரரான போர்க் ஜெயித்து வந்தது அங்கேதான்.

அவருடைய தொடக்கம் டிங்லி. மேற்குக் கரையில் செங்குத்துப் பாறைக்கு மேலே இருக்கிற சின்ன ஊர்; நாலாயிரம் பேர்கூட இருக்க மாட்டார்கள். மால்டாவில் உள்ளாட்சி மன்றங்களே 1993இல்தான் வந்தன. 2005இல் போர்க் அந்த ஊர் மேயர் ஆனபோது வயது 19. நாட்டிலேயே இளைய மேயர். ஊர் மேயருக்கு என்ன வேலை? தெருவிளக்கு, குப்பை, நடைபாதை, குழந்தைகள் விளையாட இடம். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுதான் மால்டா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்திருந்தது. ஒன்றியத்து நிதிக்கு எப்படித் திட்டம் எழுதுவது, விண்ணப்பிப்பது என்பதை உள்ளாட்சிகள் பழகிக்கொண்டிருந்த நேரம். ஒரு பக்கம் சட்டம் படித்துக்கொண்டே ஊர் வேலையும் பார்த்தார்.

2013இல் 25 வருஷத்தில் ஒரு சிறு இடைவெளி தவிர ஆண்டுகொண்டிருந்த நேஷனலிஸ்ட் கட்சியை ஜோசப் மஸ்கட் தலைமையில் லேபர் வீழ்த்தியது. போர்க் அந்தத் தேர்தலில் நாடாளுமன்றத்துக்குப் போனார். அந்த ஆட்சிக் காலத்திலேயே ஐரோப்பிய நிதிக்கும், 2017இல் மால்டா ஏற்கவிருந்த ஐரோப்பிய ஒன்றியத் தலைமைக்கும் பொறுப்பான நாடாளுமன்றச் செயலாளர் ஆனார். நம் ஊர்க் கணக்கில் இணை அமைச்சர் மாதிரி. 2017 ஜூனில், 31 வயதில், போக்குவரத்து, உள்கட்டமைப்பு அமைச்சர்.

குடும்ப வழியா என்று கேட்டாய். அந்த வழியும் இங்கே உண்டு. இப்போதைய பிரதமர் ராபர்ட் அபேலாவின் அப்பா ஜார்ஜ் அபேலா நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவர். போர்க் ஏறி வந்த ஏணி உள்ளாட்சி.

சாலைக்கு வருகிறேன். என் கண்ணால் பார்த்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளமாகச் சொல்வேன். 316 சதுர கிலோமீட்டர் நாட்டில் நாலு லட்சத்துக்கும் மேல் வண்டிகள். ஏழு வருஷத்தில் 70 கோடி யூரோவுக்குச் சாலை போடுவோம் என்பது 2017இல் லேபர் கட்சியின் பெரிய வாக்குறுதி. அதை நிறைவேற்ற 2018இல் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் மால்டா என்று தனி அமைப்பு தொடங்கினார்கள். அதற்குப் பிறகு தீவு முழுக்கத் தோண்டல்தான். காலை ஷிஃப்டுக்குப் போகிற பேருந்து எந்தத் தெரு வழியாகச் சுற்றும் என்று ஓட்டுநருக்கே தெரியாத நாட்கள் இருந்தன. மார்சாவில் அடோலோராட்டா கல்லறைத் தோட்டத்துக்குக் கீழே இருந்த சிக்னல் சந்திப்பை எடுத்துவிட்டு ஏழு மேம்பாலம் கட்டினார்கள். 7 கோடி யூரோ, பெரும்பகுதி ஐரோப்பிய நிதி, 2021இல் முடிந்தது. விமான நிலையப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அந்தச் சிக்னலில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். 2021 அக்டோபரில் நிலத்தடி மெட்ரோத் திட்டம் ஒன்றையும் வெளியிட்டார்: மூன்று தடம், 25 நிலையம், 35 கிலோமீட்டர், 620 கோடி யூரோ. அது வரைபடமாகவே நிற்கிறது.

அவரை மக்கள் விரும்பியதற்கு ஒரே காரணம்: சொன்ன வேலை கண்ணுக்குத் தெரிந்தது. அமைச்சர் தலைக்கவசம் போட்டுக்கொண்டு தார் போடும் இடத்தில் நின்றார். தெரு பெயர் சொல்லித் தேதி சொன்னார். ஊர் மேயர் வேலையை நாடு முழுவதற்கும் விரித்தது மாதிரி.

இதே குணத்தின் இன்னொரு முகத்தையும் சொல்லியாக வேண்டும். இங்கே ஒவ்வொரு அமைச்சகத்திலும் கஸ்டமர் கேர் என்று ஒரு பிரிவு இருக்கும். தொகுதிக்காரர் குறையைக் கேட்டுத் தீர்த்து வைப்பது அதன் வேலை. 2023இல் டைம்ஸ் ஆஃப் மால்டா சில வாட்ஸ்அப் உரையாடல்களை வெளியிட்டது. போர்க் போக்குவரத்து அமைச்சராக இருந்த காலத்தில் ஓட்டுநர் தேர்வு எழுதப்போகிறவர்களின் பெயர்கள் அவரிடமிருந்தும் அவருடைய அலுவலகத்தாரிடமிருந்தும் உரிமம் வழங்கும் அதிகாரிக்குப் போயிருந்தன. தவறு எதுவும் செய்யவில்லை, மக்களுக்கு உதவுவது அரசியல்வாதியின் வேலை என்பது அவருடைய பதில். பிரதமரும் அவர் பக்கமே நின்றார். நான் ஏற்கவில்லை. தாத்தாவுக்குச் சக்கர நாற்காலி சீக்கிரம் கிடைக்க ஃபோன் போடுவது வேறு. ஓட்டத் தெரிகிறதா என்று சோதிக்கிற தேர்வில் பெயர் அனுப்புவது வேறு. அந்தச் சாலையில் நானும் நடக்கிறேன். ஆனால் எங்கள் இல்லத்துப் பெரியவர்கள் பலர் அதில் தப்பே பார்க்கவில்லை. அமைச்சர் பின் எதற்கு இருக்கிறார் என்று கேட்டார்கள். 1, 2, 3 எண் போடுகிற முறை ஓர் அரசியல்வாதியை இந்தத் திசையில்தான் தள்ளும். அவரை உயர்த்தியதும் அது, கறை படுத்தியதும் அது.

2022 மார்ச் தேர்தலில் லேபர் மறுபடி ஜெயித்ததும் வெளியுறவு கொடுத்தார்கள். அந்தப் பகுதியை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பழைய நிருபர்:

மோஸ்டா அம்மா சொன்னதன் தொடர்ச்சியாகச் சில சேதி. நான் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

சின்ன நாடு பெரிய மேடையில் என்ன செய்துவிடும் என்ற எண்ணம் மால்டா விஷயத்தில் பொருந்தாது. 1967 நவம்பர் 1 அன்று ஐ.நா. பொதுச்சபையில், ஆழ்கடல் தரை மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்று வாதாடியவர் மால்டாவின் தூதர் அர்விட் பார்டோ. இன்றைய கடல் சட்ட உடன்படிக்கைக்கு அந்தப் பேச்சு ஒரு வித்து. 1975இல் ஐரோப்பியப் பாதுகாப்பு பற்றிய ஹெல்சின்கி ஒப்பந்தம் கையெழுத்தாகும் நேரத்தில், மத்தியதரைக் கடலின் பாதுகாப்பையும் சேர்த்தால்தான் சம்மதிப்பேன் என்று வல்லரசுகளைக் காக்க வைத்தவர் பிரதமர் டொம் மின்டாஃப். அந்த ஹெல்சின்கியின் குழந்தைதான் ஓ.எஸ்.சி.இ. 1989 டிசம்பரில் புஷ்ஷும் கோர்பச்சேவும் சந்தித்துப் பேசியது மால்டாக் கடலில், கப்பலில். நடுநிலை என்பது 1987 முதல் அவர்களுடைய அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது.

போர்க் வந்து உட்கார்ந்தது இந்த மரபின்மேல். 2022 ஜூனில் 185 வாக்கு பெற்று மால்டா பாதுகாப்பு அவைக்குத் தேர்வானது. முந்தைய முறை 1983-84. அவையின் சுழற்சித் தலைமை 2023 பிப்ரவரியில் அவர்களுக்கு வந்தபோது, கடல்மட்டம் உயர்வதை உலக அமைதிக்கான பிரச்சினையாக வைத்து விவாதம் நடத்தினார்கள். தலைமை இருக்கையில் போர்க். தீவு நாடு வேறு எதைப் பேசும்!

2712ஆம் தீர்மானத்தைப் பற்றிக் குறிப்பில் இதையும் சேர்த்துக்கொள், அம்மா. 2023 அக்டோபர் 7க்குப் பிறகு வந்த நாலு வரைவுகள் அவையில் தோற்றிருந்தன. மால்டாவின் வரைவு குழந்தைகளை மையமாக வைத்தது. உதவிப் பொருள் போகும் அளவுக்குப் போரை நாள்கணக்கில் நிறுத்தி வைக்க வேண்டும், பிணைக்கைதிகளை விட வேண்டும் என்றது. நவம்பர் 15 அன்று 12 ஆதரவு, எதிர்ப்பு எதுவும் இல்லை. அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா மூன்றும் வாக்களிக்காமல் ஒதுங்கின. போரில் சிக்கிய குழந்தைகள் பற்றிய அவையின் குழுவுக்கு அப்போது மால்டாதான் தலைமை. வரைவின் சொற்களைத் தேர்ந்தது பெரும்பாலும் நியூயார்க்கில் இருந்த தூதர் வனெசா ஃப்ரேஸியரின் குழு. அமைச்சர் பெயரை எழுதும்போது தூதர் பெயரையும் எழுது, அதுதான் நியாயம்.

ஓ.எஸ்.சி.இ. கதை இன்னும் சுவை. 57 நாடுகள், எதற்கும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். 2024க்குத் தலைமை கேட்டு நின்றது எஸ்டோனியா. ரஷ்யா விடவில்லை. ஆண்டு பிறக்க ஒரு மாதம்தான் இருந்தது. 2023 கடைசியில் ஸ்கோப்யே கூட்டத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்ட பெயர் மால்டா. ஒரு வருஷம் ஆயத்தம் செய்ய வேண்டிய பொறுப்பை ஒரு மாதத்தில் ஏற்றார்கள். போர்க் ஜனவரியிலேயே கீவுக்குப் போனார். ரஷ்யத் தரப்பு பிடித்து வைத்திருந்த அமைப்பின் உக்ரைன் ஊழியர்கள் மூவரை விடுவிக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார். அது நடக்கவில்லை. டிசம்பர் 5, 6 தேதிகளில் மால்டாவின் தா ஆலியில் அமைச்சர்கள் கூட்டம். 2022இல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் ஓர் ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக்குள் கால் வைத்தது அதுவே முதல்முறை. அமெரிக்காவின் பிளிங்கனும் உக்ரைன் அமைச்சரும் அதே கூடத்தில். காலியாகக் கிடந்த நாலு உயர் பதவிகளுக்கு ஆள் முடிவானது. பொதுச்செயலாளர் துருக்கியின் சினிர்லியோலு. பல ஆண்டாக முட்டிக்கொண்டிருக்கும் வரவுசெலவுத் திட்டம் அப்போதும் ஒப்புதல் பெறவில்லை. அமைப்பு உயிரோடு அடுத்த தலைமையான பின்லாந்தின் கைக்குப் போனது. அந்த ஆண்டில் அதுவே பெரிய காரியம் என்பது என் கருத்து.

வேப்பமரம்:

மோஸ்டா அக்கா, சாலைப் பகுதியில் மரங்களை விட்டுவிட்டீர்கள். நான் அங்கே சூழலியல் படித்தவன், ம்சீடாவில் இருந்தேன். அது இல்லாமல் இந்த மனிதரின் கதை முழுமை இல்லை.

சென்ட்ரல் லிங்க் என்று ஒரு திட்டம். தா ஆலியிலிருந்து அட்டார்ட் வழியாக ம்ரீஹெல் வரை நாலு கிலோமீட்டருக்குச் சாலையை அகலப்படுத்துவது, 5.5 கோடி யூரோ. அட்டார்ட் ஓரத்தில் இருந்த வயதான மரங்களில் நூற்றுக்கணக்கானவை வெட்டப்பட்டன, அல்லது பெயர்த்து வேறிடத்தில் நடப்பட்டன. 2019 கோடையில் அதற்காக மக்கள் தெருவில் இறங்கினார்கள். மால்டாவில் காடு என்று சொல்ல புஸ்கெட் ஒன்றுதான் உண்டு. நிழலே அரிதான தீவில் சாலையோர மரம் என்பது சுமை தூக்குகிற சுவர் மாதிரி. வெட்டியதைவிட அதிகம் நடுகிறோம் என்று அமைச்சகம் சொன்னது. நட்டதும் உண்மை. கன்று மரமாக முப்பது வருஷம் ஆகும் என்பதும் உண்மை.

அதைவிட என்னைப் பாதித்தது 2020 அக்டோபர், டிங்லி. அமைச்சரின் சொந்த ஊர். சாந்தா துமின்கா என்ற மத்தியகாலச் சிற்றாலயத்தின் பக்கத்தில், வயலையும் பழைய கரோப் மரங்களையும் ஊடறுத்து இன்ஃப்ராஸ்ட்ரக்சர் மால்டா சாலை போட வந்தது. மூவிமென்ட் கிராஃபிட்டி என்ற போராட்ட அமைப்பின் தோழர்களும் விவசாயிகளும் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். சில நாள் அங்கேயே இருந்தார்கள். வேலை நின்றது. கரோப் அந்த மண்ணின் மரம். பஞ்ச காலத்தில் அதன் காயைத் தின்று பிழைத்த தலைமுறை உண்டு. ஊரை நன்றாக அறிந்தவர் காலத்தில் அந்த ஊரிலேயே இது நடந்ததே என்பதுதான் என் வருத்தம்.

போக்குவரத்து நெரிசலுக்குச் சாலையை அகலப்படுத்துவது மருந்து இல்லை என்பதை அப்போதே சொன்னோம். வண்டிகள் அதற்குப் பிறகும் கூடிக்கொண்டேதான் போகின்றன. உள்ளூர்வாசிகளுக்குப் பேருந்து இலவசம் என்ற நல்ல முடிவு 2022 அக்டோபரில் வந்தது. அப்போது அவர் வெளியுறவுக்குப் போய்விட்டார்.

மோஸ்டாவாசி:

தம்பி, நீ சொன்னதில் மறுக்க ஒன்றும் இல்லை. அட்டார்ட் வழியாகப் போகும்போது ஜன்னலோரம் வெயில் அடிக்கிற இடங்கள் எனக்கும் தெரியும். டிங்லிப் போராட்டத்தை எங்கள் இல்லத்தில் டி.வி.யில் பார்த்தபோது லேபர் வீட்டுப் பெரியவர்களே அந்தப் பிள்ளைகள் பக்கம் பேசினார்கள். கரோப் காய்ப் பாகு இருமலுக்குக் குடித்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

மதுரைப்பெண்:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. நான் எழுதி வைத்திருந்த நாலு வரியைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறேன். இரண்டு சந்தேகம் மட்டும். 19 வயதில் மேயர் என்பது அங்கே இன்றும் அதிசயமா? துணைப் பிரதமர் என்றால் அடுத்த பிரதமர் அவர்தானா?

மோஸ்டாவாசி:

முதல் கேள்விக்கு: இப்போது 16 வயதிலேயே எல்லாத் தேர்தலிலும் வாக்கு உண்டு, 2018இல் சட்டம் மாறியது. 2024இல் இன்னொரு படி மேலே போய், 16 வயதுக்காரர் மேயராகவும் ஆகலாம் என்று திருத்தினார்கள். எனக்கு அதில் சந்தோஷம். இந்தத் தீவில் கட்சி என்பது பிறந்த வீட்டோடு வருகிற ஒன்று. பிள்ளைகள் சீக்கிரம் பொறுப்பு ஏற்றால், அப்பா கட்சியைத் தாண்டி ஊர் வேலை என்னவென்று பார்ப்பார்கள். மன்றக் கூட்டத்தில் கணக்குக் கேட்டுப் பழகிய பெண்பிள்ளைகள் அமைச்சர் ஆவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

இரண்டாவதற்கு: இல்லை, தானாக வராது. போர்க் துணைப் பிரதமர் ஆனதே கிறிஸ் ஃபெர்ன் விலகியதால். மருத்துவமனைகளைத் தனியாருக்குக் கொடுத்த ஒப்பந்த வழக்கில் குற்றச்சாட்டு வந்ததும் 2024 மே மாதம் ஃபெர்ன் பதவியை விட்டார். குற்றத்தை மறுக்கிறார், வழக்கு வேறு கதை. செப்டம்பரில் லேபர் கட்சி போர்க்கை நாடாளுமன்ற விவகாரத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அதோடு துணைப் பிரதமர் பதவியும் வந்தது. நவம்பரில் சுற்றுலா அமைச்சர் விலகியதும் அந்தத் துறையும் சேர்ந்தது.

இதே ஃபெர்னைப் பார். 2020 ஜனவரியில் மஸ்கட் விலகியபோது அவர்தான் துணைப் பிரதமர், கோவிட் வருவதற்கு முன்பே பேர் வாங்கிய சுகாதார அமைச்சர். அடுத்தவர் அவர்தான் என்று எங்கள் இல்லத்தில் எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். கட்சி உறுப்பினர்கள் எல்லாரும் சேர்ந்து தலைவரைத் தேர்ந்தெடுத்தது அப்போதுதான் முதல்முறை. அமைச்சராகவே இருந்திராத ராபர்ட் அபேலா ஜெயித்துப் பிரதமர் ஆனார். உறுப்பினர் வாக்கு என்றால் மறுபடி வீடு வீடாகப் போகிற வேலைதான், அதில் போர்க்குக்குப் பழக்கம் உண்டு. ஆனால் அந்த வீடுகள் 7ஆவது தொகுதிக்குள் மட்டும் இருக்காது.